வலது சீட்

காந்திமதி என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெட் விமானம் ஓட்டப் போனால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதில் கோபமில்லை. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் ஆள் பைலட் ஆகிவிட்டதாக ஊரே நம்புகிறது பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்ணூரில் எங்கள் தெருவில் கேட்டால் நான் தினமும் வானத்தில் குடியிருப்பதாகச் சொல்வார்கள். நான் குடியிருந்தது மீனம்பாக்கத்தில் ஒரு குட்டி அறையில், மேசைக்குப் பின்னால். எவரோ ஒரு பணக்காரர் கோவைக்குப் பறக்கும்போது அவருக்குக் கெட்டிச் சட்னி வேண்டுமா, தண்ணிச் சட்னி வேண்டுமா என்று ஓட்டலுக்கு போன் போடுவது என் உத்தியோகம். தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு.

பெரிய ஏர்லைனில் சேர்ந்தவர்களுக்கு வரிசை உண்டு. முன்னால் நிற்பவன் நகர்ந்தால் நீங்களும் நகர்வீர்கள். தனியார் ஜெட் கம்பெனியில் அந்த இழவெல்லாம் கிடையாது. எந்த விமானத்துக்கு உங்கள் பெயரைப் போடுகிறார்களோ அதுதான் உங்கள் ஜாதகம். கேப்டனுக்கு இடது சீட், புதிதாக வரும் உதவிப் பைலட்டுக்கு வலது சீட். முதலில் காற்றாடி சுற்றும் சின்ன விமானத்தில் வலது சீட். அதில் பறந்த மணிக்கணக்கு சேர்ந்தால் ஜெட்டில் வலது சீட். அதிலும் சேர்ந்தால் என்றைக்காவது இடது சீட். நான் ஏறிய முதல் படியே உடைந்துபோனது. சேர்ந்த கொஞ்ச நாளில் அந்தச் சின்ன விமானத்தை விற்றுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜெட். அதற்கு என்னையும் பிரசன்னாவையும் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்தான். ஒருவர் ஓடிப்போனால் இன்னொருவர் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். பறக்காமலே உட்கார்ந்திருந்தால் பயிற்சி காலாவதியாகும், காலாவதியானவருக்குக் கம்பெனி மறுபடி செலவு செய்யாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருப்பதால் வேறு கம்பெனிக்கும் போக முடியாது. எனக்குக் காலாவதி ஆக இன்னும் கொஞ்ச வாரம்தான் இருந்தது. அந்த சீட் இல்லையென்றால் ஆயுளுக்கும் சட்னிதான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. அந்த ஜெட்டை எங்கள் கம்பெனி ஓட்டிக்கொடுக்கும், அதன் சொந்தக்காரர் ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியின் முதலாளி. அதே கம்பெனியில், தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில்தான் என் அப்பா ரகுபதி ஆயுசு முழுக்க வேலை பார்க்கிறார். மகள் அந்த ஜெட்டுக்குப் பைலட் என்று அவர் பத்திரிகை மாதிரி எல்லோரிடமும் சொல்லித் திரிந்ததில் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

எங்கள் கேப்டன் தாவீது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர். திட்டினாலும் தாலாட்டுகிற மாதிரி இருக்கும்.

"உங்கப்பா அவர் கம்பெனியிலயா இருக்காரு? முதலாளிக்கு ஒரே சந்தோசம். 'நம்ம ரகுபதி பொண்ணா, வரட்டும் பார்ப்போம்'னு சொல்லுதார். ஆயுத பூஜை முடிஞ்சதும் புனே போறோம். வலது சீட்ல நீ. அவருக்குப் பிடிச்சுட்டா சீட் ஒனக்கு."

"பிடிக்கலன்னா சார்?"

"பிரசன்னா இருக்கான்ல. ஒரு பையனை ஷூ பாலிஷ் போடலன்னு இறக்கிவிட்டவரு அவரு. ஒருத்தன் லேட்டா வந்தான், போச்சு. அவர் விமானம், அவர் இஷ்டம். வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோ, தாயி."

என் வாயைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும்.

ஒரகடம் பக்கம் ஆயுத பூஜை என்றால் லீவுக்கு முந்தின நாளே கம்பெனியில் போட்டுவிடுவார்கள். எந்த மெஷினில் யார் வேலை செய்கிறார்களோ அவர்களே கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். பிரஸ் ஷாப்பில் சந்தனம் கரைப்பது அப்பாவின் தனி உரிமை. பிரஸ் அடிக்கிற அடியில் சாதாரணச் சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்பதால் கெட்டியாகக் குழைத்து, கட்டை விரலால் திருகி அழுத்தி வைப்பார். அடுத்த பூஜை வரைக்கும் அது அசையாது. அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

அன்றைக்கு பூஜை முடிந்ததும் முதலாளிக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பொட்டு, பஸ்ஸுக்குப் பொட்டு, என் விமானத்துக்கு வேண்டாமா? அனுமதிச் சீட்டுகளுக்கு ஏற்பாடு செய்து, அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கு வந்துவிட்டார். "பொண்ணு ஓட்டப்போற விமானம். ரகுபதி, நீங்கதான் பொட்டு வெக்கணும்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பொய் சொல்வானேன்.

கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தார்.

"எங்கெங்க வெக்கலாம்னு சொல்லும்மா. உனுக்குத்தான தெரியும்."

"கண்ணாடில வேணாம்பா. இன்ஜின் கிட்டயே போவாத. மூக்குல வை. அங்க ஒரு குழாய் நீட்டிக்கினு கீது பாரு, அத்த மட்டும் தொடாத."

"இத்த வேணாம் அத்த வேணாம்னா எங்கதான் வெக்கிறது?"

"டயர்ல வை. உடம்புல எங்கனா வைப்பா."

அதற்குள் முதலாளி ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார். விமானம் நிற்கும்போது சில துளைகளுக்குச் சிவப்பு நாடா தொங்கும் மூடிகள் மாட்டியிருப்போம். ஃபோட்டோவில் சிவப்புத் துணி தொங்கினால் அசிங்கம் என்று அவர் சொன்னதால் அத்தனையையும் கழற்றினார்கள். நான் அவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது எனக்குப் பின்னால் நடந்தது. அப்புறம் யாரோ மூடிகளைத் திரும்ப மாட்டினார்கள். நாங்கள் சுண்டல் சாப்பிட்டோம். இரண்டு நாள் லீவு.

லீவு முடிந்த காலையில் நான் முதல் ஆளாக ஹேங்கரில் நின்றேன். அம்மா வல்லக்கோட்டை முருகன் விபூதியைப் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்தாள். விமானம் வெளியே நின்றது. மூக்கிலும் டயரிலும் இருந்த பொட்டுகளைத் துடைத்திருந்தார்கள். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது வலது சீட்காரரின் வேலை. மூடிகளைக் கழற்றிக்கொண்டே வந்தேன். இடது பக்க உடம்பில் இருந்த மூடியை இழுத்தபோது அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

விமானத்தின் இரண்டு பக்கமும் உடம்பில் சின்னத் துளைகள் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தை அவைதான் உள்ளே கொண்டுபோகும். நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று முள் காட்டுவது அதை வைத்துத்தான். அடைத்துக்கொண்டால் முள் தரையிலேயே நிற்கும். விமானம் மேகத்துக்குள் இருக்கும், முள் மீனம்பாக்கத்தில் இருப்பதாகச் சொல்லும். யாரும் தொடக் கூடாது என்பதற்காக அந்தத் துளைகளைச் சுற்றி அழகாக வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்கு நடுவில், அடுத்த பூஜை வரைக்கும் அசையாதபடி, என் அப்பா கட்டை விரலால் திருகி அழுத்தியிருந்தார். அதன்மேல் மூடியை வைத்து அழுத்தியதில் இன்னும் உள்ளே போய், இரண்டு நாளில் சிமெண்டாக இறுகிவிட்டது.

வலது பக்கம் ஓடினேன். அங்கேயும்.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு முதல் ஷிஃப்ட், வேலைக்கு உள்ளே போகும் நேரம்.

"அப்பா, அன்னிக்கு எங்கெங்க சந்தனம் வெச்ச?"

"நீ சொன்ன மாதிரிதாம்மா. மூக்குல ஒண்ணு, டயர்ல ஒண்ணொண்ணு. அப்புறம் ரெண்டு பக்கமும் ரவுண்டா கோடு போட்டு வெச்சிருந்தான் பாரு, பொட்டுக்குன்னே செஞ்ச மாதிரி. அதுல வெச்சேன். நல்லா அமுக்கி வெச்சிருக்கேன், எவ்ளோ காத்தடிச்சாலும் உழாது. ஏன், அயிஞ்சிபோச்சா?"

"இல்லப்பா. கீது."

"அதான பார்த்தேன்! கெளம்பிட்டியா?"

"கொஞ்சம் லேட்டாவும்பா" என்று வைத்துவிட்டேன்.

துணியால் துடைத்தேன். மேலே சுத்தமாகிவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தால் மட்டும் துளைக்குள் மஞ்சள். சட்டைக் காலரில் ஒரு ஊக்கு வைத்திருந்தேன், அதைக் கழற்றினேன். குத்திக் கிளறினால் வந்துவிடுமா? வந்தால் வரும், இல்லையென்றால் இன்னும் உள்ளே போகும். துளை ஓரத்தில் கீறல் விழுந்தாலும் கெட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. முதலாளியின் கார் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னால் விமானம் கிளம்பாது. கிளம்பாவிட்டால் சீட் போய்விடும். சீட் போனால் நான் இத்தனை வருஷம் படித்தது, அப்பா இரட்டை ஷிஃப்ட் பார்த்தது, அம்மா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவியது, எல்லாம் போயிற்று. சொல்லாவிட்டால்? ஒரு துளையாவது கொஞ்சம் திறந்திருக்கலாம். வானம் தெளிவாக இருக்கலாம். ஒன்றும் ஆகாமலே போகலாம்.

கடைசியில் நான் சொன்னேன் என்றால் அது ஒன்றும் பெரிய நேர்மை இல்லை. பயம். மேகத்துக்குள் போய் முள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டு கேப்டனிடம் போனேன்.

தாவீது வந்து குனிந்து பார்த்தார். இன்ஜினியர் கார்முகிலும் வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"குழாயை எல்லாம் கழட்டி ஊதணும் சார். அப்புறம் டெஸ்ட். மதியம் ஆயிடும்."

"நல்லவேளை பார்த்தே, தாயி" என்றார் தாவீது. அந்த ஒரு நிமிடம் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன். சரியான பைத்தியம் நான்.

முதலாளி வந்தார். தாவீது சொன்னதைக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"புனேல பன்னெண்டு மணிக்கு ஜப்பான்காரன் உக்காந்திருப்பான், கேப்டன்."

"புரியுது சார். ஏர்லைன்ல உங்களுக்கு டிக்கெட் பார்த்துட்டிருக்காங்க."

"சொந்த விமானம் வெச்சிக்கிட்டு நான் ஏர்லைன்ல போறேன். பூஜை போட்டு எடுக்கிற முதல் நாளே விமானம் மேல ஏறல." என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ பேர் இருக்கீங்க. பொட்டு வெக்கிற எடமா அது? யாருக்கும் தெரியாதா?"

கார்முகில் தரையைப் பார்த்தார். எல்லோரும் சும்மா இருந்தார்கள், நானும் சும்மா இருந்திருக்கலாம். அப்பாவைச் சொல்கிறார் என்று எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"வெக்கச் சொன்னது நீங்க சார். மூடியைக் கழட்டச் சொன்னதும் நீங்கதான்."

அவர் சிரித்தார். என் தோளில் இருந்த பட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பத்து மணிக்கு மேல் தாவீதுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் தாயி அதைச் சொன்னே?"

"பொய்யா சார்?"

"பொய்யின்னு நான் சொல்லல. ஒங்கப்பா மேல அவருக்கு ஒரு கோவமும் இல்ல. 'ரகுபதி நல்ல மனுசன், அவர் காதுக்கு இது போக வேணாம், மனசு ஒடிஞ்சிருவார்'னு சொன்னாரு. ஒன்னையத்தான்... ராசி சரியில்லையாம். பிரசன்னாவைப் போடச் சொல்லிட்டாரு."

"ராசியா? நான் பார்க்காம விட்டிருந்தா அவரு இந்நேரம் எங்க இருப்பாருன்னு கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். கேட்காம இருப்பேனா? 'அதுக்கு நன்றி சொல்லிடுங்க'ன்னாரு."

நன்றி! அந்த நன்றியை என்ன செய்வது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த பிரசன்னா எழுந்து வெளியே போய்விட்டான்.

மதியம் விமானம் சரியாகிவிட்டது. முதலாளியைத் திரும்ப அழைத்துவர அது காலியாகப் புனே போக வேண்டும். காலியாக! நான் மானம் வெட்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு தாவீதிடம் போய் நின்றேன்.

"சார், போறப்ப ஆள் இல்லையே. போறதுக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. வரும்போது பிரசன்னா உக்காரட்டும். நான் பின்னாடி கக்கூஸ் பக்கத்துல ஒளிஞ்சிக்கிறேன் சார். ஒரே ஒரு தடவை. ஒரு தடவை பறந்தா என் கணக்குல ஏறும், காலாவதி தள்ளிப்போகும்."

"அவர் ஏறும்போது ஒன்னைப் பார்த்தா எனக்கும் சீட் இருக்காது."

"கால்ல வேணா உழறேன் சார்."

நிஜமாகவே குனிந்துவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"வீட்டுக்குப் போ, தாயி" என்றார்.

வாசலில் பிரசன்னா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "சாரி காந்தி. நான் கேக்கல இதை."

"கேக்காமலே கிடைக்குது உனக்கு. போ. ரெண்டு பக்கமும் நல்லாப் பார்த்துட்டு ஏறு" என்றேன். அதில் பாதி எரிச்சல், பாதி அக்கறை. அவன் தலையாட்டினான்.

வீட்டுக்குப் போ என்றால் எப்படிப் போவது? அம்மா காலையிலேயே கேசரி கிளறி வைத்திருந்தாள். பல்லாவரம் வந்து, குன்றத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் சட்டையைப் பார்த்து, "எந்தக் கம்பெனி செக்யூரிட்டிம்மா? எங்க பொண்ணுக்கு ஒரு வேலை இருந்தா சொல்லேன்" என்றாள். தோளில் இருந்த பட்டைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அந்த அம்மாள் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

குன்றத்தூரில் இறங்கி, மண்ணூருக்கு ஷேர் ஆட்டோ பிடிக்காமல், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. என் தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் அப்பாவின் குரல் பதிவு வந்து விழுந்தது. பின்னால் பிரஸ் ஷாப் ஆட்களின் கூச்சல்.

"காந்தி, நீ மேல கீற, போன எடுக்க மாட்டன்னு தெரியும். எறங்கினப்புறம் கேளு. லேட்டாவும்னு சொன்னியா, நான் காலையிலேர்ந்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிக்கினே இருந்தேன். டீ டயத்துல எல்லாத்தையும் வெளிய இட்டாந்துட்டேன். இப்பத்தான் போற, சின்னதா, வெள்ளையா. அது நீதான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. பசங்கல்லாம் கை ஆட்றானுங்க, விசில் அடிக்கிறானுங்க, அந்த பீகார் பையன் குதிக்கிறான். என் கையால வெச்ச சந்தனத்தோட போறா எம் பொண்ணுன்னு சொன்னேன்மா. எறங்கினதும் ஒரு வார்த்தை சொல்லு. பத்திரம்."

ஒரகடத்துக்கு மேலே நாள் முழுக்க எத்தனையோ விமானம் போகும். அவர் பார்த்தது எங்களுடையதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

குரல் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வெட்டினேன். என்ன சொல்வது? உன் கட்டை விரல்தான் என் சீட்டைப் பறித்தது என்றா? அப்படிச் சொல்லி அந்த மனுஷனை எப்படி வீட்டுக்குள் உயிரோடு வைத்துக்கொள்வது? அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் உண்மை. எதையும் ஏன் இப்படி அமுக்கி அமுக்கிச் செய்கிறாய் என்று அந்த பெஞ்சிலேயே வாய்விட்டுத் திட்டினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் உடனே பதில் போடவும் முடியாது. நான்தான் வானத்தில் இருக்கிறேனே. இன்னொருவன் என் சீட்டில் உட்கார்ந்து புனே போய்ச் சேரும் வரைக்கும் நான் இங்கே தரையில் பறந்துகொண்டிருக்க வேண்டும். டீ ஆடை கட்டி ஆறிப்போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கின. அப்பாவின் ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருப்பார். கேசரிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் பிரசன்னாவிடமிருந்து செய்தி வந்தது. இறங்கிவிட்டோம், எல்லாம் சரியாக வேலை செய்தது என்று எழுதியிருந்தான். நல்ல பையன்தான், அவனை என்ன சொல்ல.

அப்பாவுக்கு அனுப்பினேன். "எறங்கிட்டேம்பா."

அடுத்த நொடியே கூப்பிட்டுவிட்டார். எடுக்காமல் இருக்க முடியவில்லை. டீக்கடையின் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எப்டி கீது புனே? மொதலாளி என்னா சொன்னாரு?"

"நன்றி சொன்னாருப்பா."

"சொல்லாம இருப்பாரா! ஏம்மா, மேலேர்ந்து பார்த்தா எங்க கம்பெனி தெரிஞ்சிதா? நாங்கல்லாம் நின்னமே, தெரிஞ்சிதா?"

ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தேன்.

"தெரிஞ்சுதுப்பா. எல்லாரும் கை ஆட்டினீங்களே. அந்த பீகார் பையன்கூட குதிச்சிக்கினு இருந்தான். பார்த்தேன்."